சாவா மூவாப் பேராடும் நீலநாக்கு நோயும்: பொருநைக்கரை மந்தைகளின் வரலாற்றில் ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழகத்துக் கோயிற் கல்வெட்டுக்களைப் பயில்வோர் ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடரைப் பலகாலும் கண்டிருப்பர். கோயிலில் நந்தாவிளக்கு எரித்தற்பொருட்டு ஒருவன் ஆடுகளை அளிக்கின்றான். அவ்வாடுகளை ஏற்றுக்கொள்ளும் இடையன் நாள்தோறும் உழக்கு நெய் அட்டக் கடவன். கொடையாக வந்த ஆடுகள் சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை என்று கல் கூறுகின்றது. உலகில் சாவாத ஆடு உண்டோ என்று மாணாக்கர் வினவுவர். ஈன்ற குட்டிகள் இறந்தவற்றின் இடத்தை நிரப்புதலால் மந்தையின் எண்ணிக்கை குன்றாது என்பதே அத்தொடரின் பொருள் என ஆசிரியர் விடை பகர்வர். அவ்விடை பொருத்தமுடையதே. எனினும் அதனோடு அமைந்துவிடுதல் முறையன்று என்பது எம் கருத்து. ஒரு பருவத்தில் நோய் புகுந்து மந்தையிற் பலவற்றைக் கொன்றுவிடின், அந்த இழப்பு யாரைச் சார்ந்தது? கொடுத்தவனையா, கோயிலையா, மேய்த்தவனையா?

இவ்வினாவைத் திருநெல்வேலிச் சீமையின், சிறப்பாகத் தாமிரபரணியாகிய பொருநைப் பள்ளத்தாக்கையும் அதனை அடுத்த கரிசற் காட்டையும் நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆய்வுக்கு அளவுகோலாக யாம் எடுத்துக்கொண்டது, பூச்சிகளாற் பரவும் நச்சுயிரி நோய்களுள் ஒன்றாகிய நீலநாக்கு நோய். கால்நடை மருத்துவர்க்குரிய பொருளைத் தமிழ் ஆய்வாளர் தொடுதல் எதற்கு என்று சிலர் கருதக்கூடும். நோயின் இயல்பை அறிவியல் கூறும். ஆயின் அந்நோயை மக்கள் எப்பெயரால் அழைத்தனர், எக்காலத்தொடு சார்த்தி எண்ணினர், அதனால் வந்த கேட்டை யார் தலையில் ஏற்றினர் என்பன சொல்லாலும் ஆவணத்தாலும் அறியத்தக்கவை. அவை நம் துறைக்கு உரியனவே.

கல்வெட்டுக் காட்டும் கணக்கு

தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கிடப்பட்டுள்ளது. பிற கோயில்களில் 90 ஆடு என்பதும் பெருவழக்கு. பாண்டிநாட்டிலும், பொருநைக்கரையின் கோயில்கள் உட்பட, விளக்குக்கு ஆடு விடும் அறம் பரவியிருந்தது. தொகை இடத்துக்கு இடம் வேறுபடினும் ஒப்பந்தத்தின் உயிர்நாடி ஒன்றே. ஆடு பெற்றவன் தானும் தன் வழியினரும் சந்திரனும் சூரியனும் உள்ளவரை நெய் அளக்கவேண்டும். தஞ்சைக் கல்வெட்டுக்களில் ஆடு பெற்ற இடையர்க்குப் பிணை நின்றோர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. பிணை எதற்கு? நெய் தவறக்கூடும் என்னும் அச்சம் அக்காலத்தாருக்கும் இருந்தமையாற்றான்.

இனி ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 96 ஆடுடைய மந்தையில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே மழைக்காலத்தில் மடிந்தால் 19 ஆடுகள் குறையும். பிழைத்தவற்றுள் சினையாடுகள் கருச்சிதைந்தால் அடுத்த ஆண்டின் குட்டியும் குறையும். உதடு வீங்கி மேய்ச்சல் மறந்த ஆட்டில் பால் வற்றும். மந்தை பழைய அளவை எய்த இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். உழக்கு நெய்யோ ஒரு நாளும் குறையலாகாது. ஆதலின் ‘சாவா மூவா’ என்னும் அடைமொழி ஆட்டின் இயல்பைக் கூறுவது போலத் தோன்றினும், உண்மையில் இடையன் ஏற்ற கடனின் இயல்பையே கூறுகின்றது. ஆடு சாகும், கடன் சாகாது என்பதே அதன் உட்பொருள். நோயின் இழப்பு மேய்த்தவனைச் சார்ந்தது என்பதை இத்தொடர் ஐயமின்றிக் காட்டுகின்றது. கல்வெட்டு நோயைக் குறிப்பிடாமல் இருத்தலே நோயை யார் தாங்கினர் என்பதற்குச் சான்றாகி நிற்றல் காண்க.

நிலமும் மந்தையும்

பொருநை பொதியமலையிற் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, சீவைகுண்டம் ஆகிய ஊர்களை வளப்படுத்திப் புன்னைக்காயலின் அருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கின்றது. கோடைமேலழகியான் முதல் சீவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் இவ்வாற்றின் நீரைக் கால்வாய்களிற் பிரித்து விடுகின்றன. தென்மேற்குப் பருவத்து நீரால் கார் சாகுபடியும், வடகிழக்குப் பருவத்து நீரால் பிசானச் சாகுபடியும் நடைபெறும். 1944இல் நிறைவுற்ற பாபநாசம் அணையும், 1958இல் எழுந்த மணிமுத்தாறு அணையும் இந்நீர்ப்பாசனத்துக்கு வலிமை சேர்த்தன.

இவ்வீரநிலத்துக்கு வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் முதலிய பகுதிகள் மழையை நம்பிய கரிசல். தெற்கே திசையன்விளை, உடன்குடிப் பக்கங்களில் செம்மணல் தேரி. ஒரே சீமையில் மருதமும் முல்லையும் நெய்தலும் ஒரு நாள் நடைத்தொலைவுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. மந்தையின் வரலாற்றை விளக்கும் திறவுகோல் இவ்வமைப்பேயாகும். நெல் அறுத்த வயலுக்கு எரு வேண்டும். கரிசலில் மேய்ச்சல் தீர்ந்த ஆட்டுக்குத் தீனி வேண்டும். இரண்டையும் இணைத்தது ‘கிடை’ என்னும் வழக்கம். பிசான அறுவடைக்குப்பின் இடையர் தம் மந்தைகளை வயல்களில் இரவு மறித்து வைப்பர். நிலமுடையார் அதற்குக் கூலி அளிப்பர். இவ்வழக்கத்தின் தொன்மைக்குத் திருநெல்வேலியிலேயே சான்று உண்டு. பொருநையும் சிற்றாறும் கூடும் இடத்தைப் பாடும் முக்கூடற்பள்ளு, மாட்டின் வகைகளை விரித்துரைப்பதோடு வயலில் ஆட்டுக்கிடை அமர்த்தும் செய்தியையும் கூறுகின்றது. இக்காலத்தில் இடைசெவல் ஊரினராகிய கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்னும் பெயராலேயே ஒரு குறுநாவல் படைத்தமை அறிஞர் அறிந்ததே.

இந்நிலத்துக்குரிய ஆட்டினங்களும் தனித்தன்மை வாய்ந்தவை. விளாத்திகுளம் பக்கத்து வேம்பூரின் பெயரால் வழங்கும் வேம்பூர் ஆடு, வெள்ளை உடலிற் செம்புள்ளிகள் சிதறியது. கீழக்கரிசல் ஆடு, செம்பழுப்பு உடலும் தலை வயிறு கால்களிற் கருமையும் உடையது. இவை கம்பளி தராத மயிராடுகள். இறைச்சிக்கும் எருவுக்கும் வளர்க்கப்படுபவை. சங்க நூல்கள் செம்மறியைத் துருவை என்றும், கிடாயைத் தகர் என்றும், வெள்ளாட்டை வெள்யாடு என்றும் வேறு வேறு பெயரிட்டு வழங்கின. ஆட்டை இத்துணை நுண்ணிதாகப் பகுத்துணர்ந்த மக்கள் அதன் நோய்களையும் பகுத்திருப்பர் என்று எதிர்பார்த்தல் இயல்பு.

நோய்ப்பெயர்களின் மரபு

கால்நடை நோய்களுக்கு வழங்கும் தமிழ்ப் பெயர்களைத் தொகுத்து நோக்கின் அவை சில வகையுள் அடங்கும். நோயின் குணத்தாற் பெற்ற பெயர் ஒருவகை. மாட்டைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற கொடுநோய் வெக்கை எனப்பட்டது, உடல் வெதும்புதலால். வீங்கி மூச்சடைத்துக் கொல்வது அடைப்பான், கழுத்து வீங்கின் தொண்டை அடைப்பான். நோய் பற்றும் உறுப்பாற் பெற்ற பெயர் மற்றொரு வகை. தொடைச் சதை வீங்குவது சப்பை நோய். தெய்வத்தொடு சார்த்திய பெயர் மூன்றாம் வகை. மாட்டுக்குக் கோமாரி, ஆட்டுக்குத் துள்ளுமாரி, கொப்புளம் தோன்றின் அம்மை.

இம்மூன்றாம் வகையில் வரும் ‘மாரி’ என்னும் சொல் ஆராயத்தக்கது. மாரி மழைக்கும் பெயர், கொள்ளைநோய்க்கும் பெயர். முன்னது தமிழ்ச்சொல் என்றும், பின்னது சாவு என்னும் பொருளுடைய வடசொல்லின் வழிவந்தது என்றும் மொழிநூலார் பிரிப்பர். அப்பிரிவை யாம் மறுக்கவில்லை. ஆயின் ஒலியால் ஒன்றுபட்ட இரு சொற்களைக் குடியானவர் உள்ளம் பிரித்து வைத்திருந்தது என்று கொள்ளுதற்கு இடமில்லை. மழை தருபவளும் நோய் தருபவளும் அதனை நீக்குபவளும் அவர்க்கு ஒரே அம்மனே. மழைக்குப்பின் நோய் வரும் என்னும் நெடுங்கால நுகர்ச்சி அவ்வொற்றுமையை உறுதிப்படுத்தியிருத்தல் கூடும். சொற்பிறப்பு வேறு, சொல்லின் வாழ்வு வேறு என்பதை ஈண்டு மறத்தலாகாது.

இப்பெயர்களுள் ஒன்றேனும் பூச்சியை நோய்க்குக் காரணமாகக் காட்டவில்லை என்பது அடுத்து நோக்கத்தக்கது. பூச்சிகளைத் தமிழர் அறியாதவரல்லர். கொதுகு, நுளம்பு, உண்ணி, ஈ என்று பெயர் வேறுபடுத்தியுள்ளனர். உண்ணி என்னும் பெயரே குருதி உண்பது என்னும் தொழிலாற் பெற்றது. தொல்காப்பிய மரபியல் சிற்றுயிர்களையும் அவற்றின் அறிவு வேறுபாட்டால் வரிசைப்படுத்துகின்றது. மாலையில் தொழுவத்திலும் பட்டியிலும் வேப்பிலை, நொச்சி முதலியவற்றால் மூட்டம் போடும் வழக்கம் இன்றும் ஊர்ப்புறங்களிற் காணப்படுகின்றது. எனினும் அம்மூட்டம் பூச்சி கடித்தலால் வரும் துன்பத்தைத் தடுப்பதற்கே. கடிக்கும் பூச்சி ஓர் உயிரின் நோயை மற்றோர் உயிருக்குச் சுமந்து செல்லும் என்னும் கருத்து அதனுள் இருந்தது என்று கூறுவது சான்றின் எல்லையைக் கடந்ததாகும். நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்னும் பெருமிதமும், ஒன்றும் அறியார் என்னும் இகழ்ச்சியும் ஒருங்கே விலக்கத்தக்கன. அவர்கள் பயனுள்ள செயலைக் கண்டனர், காரணத்தைக் கண்டிலர். காரணத்தை உலகில் எவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை கண்டிலர்.

பூச்சியின் பங்கு வெளிப்பட்ட வரலாறு

பாலூட்டிகளின் நோயைக் குருதியுண்ணும் சிற்றுயிர் பரப்பும் என்பது முதலில் மெய்ப்பிக்கப்பட்டது கால்நடையினிடத்தே. அமெரிக்க நாட்டில் தியோபால்டு சுமித்து, கில்போர்ன் என்னும் இருவர், மாடுகளைத் தாக்கிய டெக்சசுக் காய்ச்சல் உண்ணியாற் பரவுவதை 1893இல் நிறுவினர். செகந்தராபாத்தில் இரானல்டு ராசு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1897இல். மனிதனுக்கு உரிய உண்மையை மாடு முன்னரே அறிவித்தது எனலாம். இவ்விரண்டும் நச்சுயிரி நோய்கள் அல்ல. நச்சுயிரி என்பது அவற்றினும் மிக நுண்ணியது, உயிரணுவின் உள்ளேயன்றிப் பெருகாதது.

நீலநாக்கு நோயின் கதை தென்னாப்பிரிக்காவில் தொடங்குகின்றது. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மெரினோ ஆடுகள் அங்கே மழைக்காலங்களில் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கண்டு மடிந்தன. நாட்டாடுகள் பெரிதும் தப்பின. இந்நோய் வடிகட்டியையும் கடந்து செல்லும் நுண்பொருளால் வருவது என்பதை ஆர்னால்டு தெய்லர் 1906இல் காட்டினார். பூச்சி எது என்பது மேலும் பல ஆண்டுகள் மறைந்தே இருந்தது. 1944இல் து தோயிட்டு என்பவர் கியூலிகாய்டசு என்னும் நுளம்பினத்தால் இது பரவுவதை மெய்ப்பித்தார். இதற்கிடையே 1943இல் சைப்பிரசிலும், 1948இல் அமெரிக்க டெக்சசிலும், 1956இல் போர்த்துகல் இசுப்பெயின் நாடுகளிலும் நோய் தலைகாட்டியது. 2006இல் நெதர்லாந்து, பெல்சியம், செருமனி வரை சென்று, குளிர்நாட்டுக்கு இது வாராது என்னும் பழைய நம்பிக்கையைத் தகர்த்தது.

நோய் பரவும் முறையைச் சுருங்கக் கூறுவாம். கியூலிகாய்டசு நுளம்பு ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவினது. கொசுவினும் சிறியதாதலின் கண்ணிற் படுதல் அரிது. மாலை மயங்கும் பொழுதிலும் இரவிலும் விடியலிலும் கடிப்பது. சேற்றிலும், சாணம் கலந்த ஈரமண்ணிலும், நீர் தேங்கிய விளிம்பிலும் முட்டையிடுவது. நோயுற்ற விலங்கின் குருதியைப் பெண் நுளம்பு உண்டபின், நச்சுயிரி அதன் உடலிற் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறத்தாழப் பத்து நாள் செல்லும். அதன்பின் அது கடிக்கும் ஆடெல்லாம் நோய்க்கு ஆளாகலாம். ஆடு ஆட்டைத் தொடுதலால் இந்நோய் பரவுவதில்லை என்றே பொதுவாகக் கொள்ளலாம். மாட்டின் குருதியில் நச்சுயிரி பல வாரங்கள் தங்கியிருக்கும். ஆயின் மாடு பெரும்பாலும் நோய்க்குறி காட்டுவதில்லை. ஆகவே நலமுடன் நிற்கும் மாட்டுத்தொழுவம் பக்கத்து ஆட்டுப்பட்டிக்கு நோயின் ஊற்றாக அமைதல் கூடும். உழவனுக்கும் இடையனுக்கும் விளங்காத இடம் இதுவே. நோய் எங்கிருந்து வந்தது என்று தேடுவோன் நோயுற்ற விலங்கைத் தேடுவான், நோயற்ற மாட்டை ஐயுறான்.

தமிழகத்தில் நீலநாக்கு

இந்தியாவில் இந்நோய் முதன்முதல் 1964இல் மகாராட்டிரத்தில் செம்மறிகளிடத்தும் வெள்ளாடுகளிடத்தும் கண்டு அறிவிக்கப்பட்டது. பின்னர்த் தென்னிந்திய மாநிலங்களே இதன் பெருநிலமாயின. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, ஐப்பசி முதல் தை வரையுள்ள காலத்தில் இது எழுதல் வழக்கம். 1997ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை மிகுந்து பெய்தது. அதனை அடுத்து 1997–98இல் தென்மாவட்டங்களின் ஆட்டுமந்தைகளில் நோய் பெரிதும் பரவியது. வேம்பூர், கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை, மேச்சேரி, திருச்சிக் கருப்பு ஆகிய நாட்டினங்கள் கடுமையாகப் பற்றப்பட்டன. 

நோயின் குறிகள் இவை: கடுங்காய்ச்சல், உதடும் முகமும் வீங்குதல், மூக்குச்சளி உறைந்து பொருக்காதல், ஈறும் நாவும் புண்படுதல், குளம்பின் மேல்விளிம்பிற் செந்நிறக் கோடு தோன்றி ஆடு நொண்டுதல், சினையாடு கருச்சிதைதல். வீங்கிய நாக்கு நீலநிறம் கொள்வது சிலவற்றிலேயே. ஆகவே ‘நீலநாக்கு’ என்னும் பெயர் நோய்க்கு முழுதும் பொருந்துவதன்று. மேலும் இது நம் நாட்டு மந்தையிற் பிறந்த பெயருமன்று. தென்னாப்பிரிக்கக் குடியேறிகள் இட்ட பெயர் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது. வெக்கையும் சப்பையும் தாமே பெயரிட்ட மக்களுக்கு இந்நோயின் பெயர் மட்டும் நூல்வழி வந்தது.

பழமையா, புதுமையா?

இங்கே வரலாற்றாசிரியன் ஒரு முடிச்சை அவிழ்க்கவேண்டும். இந்நோய் திருநெல்வேலிக்குப் பழையதா, புதியதா? பழையது என்பார்க்கு ஒரு வாதம் உண்டு. நீலநாக்கின் குறிகள் பிற நோய்க்குறிகளோடு மயங்கும். வாய்ப்புண்ணும் நொண்டலும் கண்டவழிக் கோமாரி என்பர். மூக்கொழுக்கும் சாவும் கண்டவழி வேறு பெயர் கூறுவர். இம்மயக்கத்துக்குத் தமிழகத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதல் 1987இல் தமிழகத்து அரசூரிற் கண்டறியப்பட்டது. அதற்குமுன் ஆட்டுக்கு வந்த வெக்கை என்று கருதப்பட்டவற்றுட் சில, உண்மையில் ஆட்டுக்கொல்லியாக இருந்திருத்தல் கூடும். அதுபோலவே பெயரறியாத நீலநாக்கும் கோமாரியின் பெயருக்குள் மறைந்திருக்கலாம்.

புதியது என்பார்க்கும் வலிய வாதம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் வந்தேறிய மெரினோ மடிந்தது, நாட்டாடு தப்பியது. நெடுங்காலம் நோயோடு வாழ்ந்த இனம் அதனைத் தாங்கும் வன்மை பெறும் என்பதே இதற்கு விளக்கம். வேம்பூரும் கீழக்கரிசலும் நாட்டினங்களேயாயினும் கடுமையாக நோயுறுகின்றன. பழைய நோயாயின் அவை தாங்கியிருக்கவேண்டாவோ? இந்திய நச்சுயிரிகளின் மரபுக்கூற்றை ஆராய்ந்தோர் அவற்றுள் கீழைக் கிளையும் மேலைக் கிளையும் கலந்திருத்தலைக் கண்டுள்ளனர். மேலைக் கிளையினவற்றுட் சில, அயல்நாட்டுத் தடுப்பூசி வகைகளோடு நெருங்கிய ஒப்புமை உடையன. ஆகவே அயலிலிருந்து சில வகைகள் அண்மைக்காலத்தில் வந்து புகுந்தன என்பது துணியத்தக்கதே.

இவ்விரு வாதங்களும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல என்பது எம் முடிபு. நீலநாக்கு நச்சுயிரியில் இருபத்து நான்குக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒருவகையால் வந்த காப்பு மற்றொருவகைக்குப் பயன்படாது. ஆகவே பழைய வகைகள் மந்தையுட் பழகி அடங்கி இருந்திருக்க, புதியவை வந்தபோது பழங்காப்பு உதவாமற்போய் நோய் வெளிப்பட்டது எனக் கொள்ளின், குறிகளின் மயக்கமும் நாட்டினத்தின் சாவும் ஒருங்கே விளங்கும். மழை மிகுந்த ஆண்டில் நுளம்பு பெருகுதலும், கரிசற் சேற்றில் மந்தைகள் நெருங்கிக் கிடத்தலும் அதற்குத் துணை செய்தன. மழைக்காலத்தில் கரிசல் முழுதும் விதைப்பில் இருத்தலின் மந்தைக்கு ஒதுங்கும் தரிசு குறைவு. மேட்டுநிலம் கிடையாத ஆடு சேற்றிற் படுக்கும். தீபாவளியை ஒட்டி மேலப்பாளையம், எட்டயபுரம் முதலிய சந்தைகளுக்கு ஆடுகள் மிகுதியாக வந்துசேர்வதும் இப்பருவத்திலேயே. தொடுதலாற் பரவாத நோயாயினும், குருதியில் நச்சுயிரி சுமந்த ஆடு ஊர்விட்டு ஊர் சென்றால் அவ்வூர் நுளம்புக்கு அதுவே தொடக்கமாகும்.

சட்டமும் மருந்தும்

சென்னை மாகாணத்தில் கால்நடை நோய் பற்றிய சட்டம் 1866இலேயே இயற்றப்பட்டது. இந்திய மாட்டுக் கொள்ளைநோய்களை ஆராய ஹாலன் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கை 1871இல் வெளிவந்தது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இலும், இராணிப்பேட்டை நிலையம் 1932இலும் தோன்றின. இம்முயற்சிகளின் நடுநாயகம் வெக்கை நோய். உழவுமாடு இறந்தால் நிலம் தரிசாகும், தீர்வை நிற்கும். ஆகவே அரசின் கண் மாட்டின்மேற் பதிந்தது. நோயுற்றதைப் பிரித்துவைத்தல், நடமாட்டத்தைத் தடுத்தல் என்பனவே அக்காலத்துப் பொதுநெறி. வெக்கைக்கு அந்நெறியும் தடுப்பூசியும் கூடிப் பயன் தந்தன. 1995க்குப்பின் இந்தியாவில் அந்நோய் தோன்றவில்லை. 2011இல் உலகினின்றே அது ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது. மாந்தரின் பெரியம்மைக்குப்பின் உலகினின்று ஒழிக்கப்பட்ட இரண்டாம் நோய் அதுவே.

நீலநாக்குக்கு இந்நெறி போதாது. பட்டியின் வேலி ஆட்டைத் தடுக்கும், காற்றில் மிதக்கும் நுளம்பைத் தடாது. ஆகவே தடுப்பூசியே முதன்மையான காவல். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989இல் நிறுவப்பட்டது. 2001இல் இந்நோய்க்கென அனைந்திய ஆய்வுத்திட்டம் தொடங்கிற்று. 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து வகைகளுக்கும் ஒருங்கே காப்பளிக்கும் செயலற்ற நச்சுயிரித் தடுப்பூசி 2015இல் வெளியிடப்பட்டது. 2009இல் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய விலங்குநோய்த் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் நீலநாக்கும் இடம்பெற்றது. திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் 2012இல் கால்நடை மருத்துவக் கல்லூரி எழுந்தமையால் ஆய்வுக்கூடம் மந்தையின் அருகே வந்தது.

மாட்டிடத்தும் இவ்வகை நோய்கள் உண்டு. மூன்று நாள் காய்ச்சல் மாட்டை நொண்டவைத்துப் படுக்கச் செய்து, பெரும்பாலும் தானே நீங்கும். தோல் கழலை நோய் 1929இல் இன்றைய சாம்பியாவில் முதன்முதல் அறியப்பட்டு, 2019இல் ஒடிசாவிலும் 2020இல் தமிழகத்திலும் புகுந்தது. 2022இல் குசராத்து, இராசத்தான் மாநிலங்களிற் பெருஞ்சேதம் விளைத்தது. கொசு, கடிக்கும் ஈ, உண்ணி ஆகியன இதனைச் சுமக்கின்றன. இந்நோய் வந்தபோது வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் சேர்த்த உள்மருந்தும், குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள் முதலியன எண்ணெயிற் காய்ச்சிய பூச்சும் பல்கலைக்கழகத்தாராலேயே பரிந்துரைக்கப்பட்டன. மாட்டுவாகடம் எனும் பழைய நூல்வகையின் மரபு முற்றும் அறுபடவில்லை என்பதற்கு இது சான்று. எனினும் புண்ணாற்றும் பூச்சு வேறு, நோய்தடுக்கும் ஊசி வேறு என்பதை அம்மரபைப் போற்றுவோர் மறத்தலாகாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். கல்வெட்டின் ‘சாவா மூவாப் பேராடு’ நோயின் இழப்பை மேய்ப்பவன்மேல் ஏற்றிய ஒப்பந்தத்தைக் குறிக்கும் என்பது ஒன்று. தமிழ் நோய்ப்பெயர்கள் குறியையும் உறுப்பையும் தெய்வத்தையும் சுட்டினவேயன்றிப் பூச்சியைச் சுட்டவில்லை; ஆயினும் மூட்டம் போடுதலாகிய செயல் காரணம் அறியாமலே பயன் கண்டது என்பது மற்றொன்று. நீலநாக்கு தென்மாவட்டங்களில் பழைய வகையும் புதிய வகையும் கலந்து, மழையொடு கூடி எழுவது என்பது மூன்றாவது.

இவற்றுள் முதலாவது இன்றைக்கும் பொருந்துவது. கோயில் விளக்குக்கு நெய் அளந்த இடையனின் வழியினர் இன்று நெய் அளப்பதில்லை. ஆயின் ஐப்பசி மழையில் மந்தையில் பாதி விழுந்தால், வட்டிக்கு வாங்கிய கடன் அவன் வீட்டு வாயிலில் நிற்கின்றது. கடனுக்கு மட்டும் சாவும் மூப்பும் இல்லாத நிலை மாறவில்லை. மழைக்கு முன்னரே ஊசி மந்தையைச் சென்றடைதல் வேண்டும். இரவில் மறிக்க மேட்டுநிலம் வேண்டும். இறந்த ஆட்டுக்கு ஈடு வேண்டும். இவை ஆட்சியாளர் செய்யத்தக்கன.

தமிழாய்வாளர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. கிடை போடும் கீதாரிகளும் முதிய இடையரும் ஆட்டின் நோவைக் குறிக்கப் பல சொற்களை வைத்துள்ளனர். மூக்கு ஒழுகுவதற்கு ஒரு சொல், நொண்டுவதற்கு ஒரு சொல், மழைக்குப்பின் வரும் சாவுக்கு ஒரு சொல் என அவை ஊர்தோறும் வேறுபடும். நூல்வழி வந்த பெயர்கள் பரவப் பரவ அச்சொற்கள் மறைகின்றன. வேம்பூரிலும் விளாத்திகுளத்திலும் சீவலப்பேரியிலும் முதுகலை மாணாக்கர் சென்று, சொல்லையும் அது குறிக்கும் குறியையும் அது வழங்கும் மாதத்தையும் ஒருங்கே எழுதி வருவரேல், கோமாரி என்னும் ஒரு பெயருக்குள் எத்தனை நோய்கள் ஒளிந்திருந்தன என்பது புலப்படும். கால்நடை மருத்துவரும் அத்தொகுதியால் பயன் பெறுவர். கல்லில் எழுதப்படாத மந்தை வரலாற்றுக்கு அச்சொற்களே சாசனம்.